சொந்தக்காரர்

“காக்கா, உங்களுக்கு ரோசம் எண்டு ஒண்டு இல்லையா?”

விவசாயிகளுக்கு உரம் கொடுக்கும் கமநல நிலையத்து வாசலில் நின்று அழகரெத்தினம் கத்தினான். மானிய யூரியா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவனும், அவன் அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்று கூப்பிடும் கலந்தரும் விழுந்தடித்து ஓடி வந்திருந்தார்கள். உரம் வயல் சொந்தக்காரருக்குத்தான், குத்தகைக்குச் செய்கிறவனுக்கு இல்லையாம். இருவரின் மூட்டைகளையும் சொந்தக்காரர்கள் நேற்றே ஆள் அனுப்பி எடுத்துவிட்டார்களாம்.

நாவிதன்வெளியில் ஒரே வரம்புக்கு இரண்டு பக்கமும் அவர்களின் பயிர் மஞ்சளடித்து நிற்கிறது. இந்தக் கிழமை யூரியா விழாவிட்டால் அறுவடைக்குப் பதர்தான் மிஞ்சும். இந்த மனிதரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார்!

“என்ர வயல்காரன் கொழும்பில, போனையும் நிப்பாட்டிட்டான். உங்கட ஆள் எங்க?”

“சொந்தக்காரர் சாய்ந்தமருதுலதான். விடுங்க தம்பி. அவங்களுக்கு என்ன கஷ்டமோ.”

“கஷ்டமா? ஒருநாளாவது சேத்துல கால வெச்சிருப்பானா? ஏறுங்க பைக்கில!”

வழியெல்லாம் அழகரெத்தினம் திட்டிக்கொண்டே ஓட்டினான். உழுகிறவன் ஒருவன், உரம் எடுக்கிறவன் இன்னொருவன். இந்த அநியாயம் அதிகாரிகளுக்கும் தெரியும், ஆண்டவனுக்கும் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

கல்முனை பஸாரில் கலந்தர் அவன் தோளைத் தட்டினார். “கொஞ்சம் நிப்பாட்டுங்க தம்பி.”

இறங்கிப் போனவர் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தார்.

“சண்டைக்குப் போறமா, விருந்துக்குப் போறமா?”

“வெறுங்கையோட எப்பிடித் தம்பி போற?”

அழகரெத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிக் குழைகிறவர்களால்தான் அவன்கள் கொழுத்துப் போகிறான்கள்.

சாய்ந்தமருதில் அந்த வீட்டு வாசலில் ஒரு சின்ன லொறி நின்றது. இஸ்திரி கலையாத சேர்ட் போட்ட ஒரு இளைஞன் மேற்பார்வை பார்க்க, ஒரு உரக்கடையின் ஆட்கள் யூரியா மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழகரெத்தினம் பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் பாய்ந்தான்.

“வேளாண்மை செய்யிறது இவர், உரம் விக்கிறது நீயா? இந்த வயசில நாள் முழுக்க வெயில்ல நிக்கிறார், தெரியுமா? அவர்ர பயிர் பழுத்துப்போய்க் கிடக்கு. நீ தின்னுற சோத்துக்கு வெக்கமில்லையா?”

இளைஞனின் முகம் வெளிறியது. கலந்தர் நின்ற பக்கம் அவன் திரும்பவே இல்லை. “வயல் எங்கட பேர்லதானே இரிக்கி” என்று முணுமுணுத்தான்.

“பேர் இருந்தா நெல்லு முளைக்குமா? காக்கா, பேசாம நிக்கிறீங்களே! வாயத் திறந்து கேளுங்க!”

கலந்தர் பிஸ்கட் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கேற்றடியில் நின்றார்.

சத்தம் கேட்டு, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். புருசனைப் பார்த்தாள். அழகரெத்தினத்தைப் பார்த்தாள். கேற்றடியைப் பார்த்ததும் அவள் கண் சிவந்தது.

“வாப்பா! எங்கள ஏசுறதுக்கு ஆள் கூட்டிட்டா வந்திரிக்கீங்க?”

அழகரெத்தினம் திகைத்துத் திரும்பினான்.

“சொந்தக்காரர் எண்டுதானே தம்பி நான் சொன்னன்” என்றார் கலந்தர். “இவளுக்கு நான் சீதனமா எழுதிக்குடுத்த வயல் அது.”