இன்னொருக்கா சொல்றேன்

"தாத்தா, அங்கன!" ரெண்டரை வயது ஜெபிஷா கையை நீட்டினாள்.

சாலமன்ராஜ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"அது இல்ல. கோவிக்காத, இன்னொருக்கா சொல்றேன்."

முறுக்கை நீட்டினார். அதுவும் இல்லை. பேத்தி அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அவர் விரலைப் பிடித்து இழுத்துப் போய், கொடியில் காய்ந்த மஞ்சள் கவுனைக் காட்டினாள்.

"எம்புட்டுப் பொறுமை! நம்ம வம்சத்துலயே கிடையாதே. யாரும்மா பழக்கினது?"

மருமகள் ஷைலா சிரித்தாள். "நீங்க மத்தியானம் உறங்குறப்ப பழகினதுதான் மாமா" என்றபடி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பினாள்.

கவுனை மாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பிள்ளையைக் காணோம். எதிரே சங்கையா வீட்டுக் கேட் திறந்து கிடந்தது.

போயும் போயும் அவன் வீட்டுக்கா!

ஒரு காலத்தில் ஒரே சைக்கிளில் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள். ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தவர்கள். அப்புறம் சங்கையா போர்மேன் ஆனான். ஒருநாள், காலையில் அடுப்புப் பற்றவைத்த தீப்பெட்டியை மறந்து மடியிலேயே செருகிக்கொண்டு போய்விட்டார் சாலமன்ராஜ். உள்ளே வெடிமருந்து கலந்துகொண்டிருந்தார்கள்.

"வெளிய போலே!" அத்தனை பேர் முன்னால் கத்தினான் சங்கையா.

போனவர் போனவர்தான். "மாப்ளே, நான் சொன்னது..." என்று பின்னாலேயே ஓடிவந்தான். காது கொடுக்கவில்லை. வீடு தேடி வந்தபோதெல்லாம் கதவைச் சாத்தினார். கிறிஸ்துமஸ் அன்றைக்கும்.

வருஷக்கணக்காக மிதிக்காத வாசலில் இப்போது விறுவிறுவென்று ஏறினார்.

உள்ளே நாற்காலியில் ஜெபிஷா கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று திருப்பிக்கொண்டு இருந்தாள். அச்சு அசல் சாலமன்ராஜ்!

எதிரே சங்கையா கைகட்டி நின்றிருந்தார்.

"மாப்ளே, தீப்பெட்டியை வெளிய வச்சிட்டு வான்னுதாம்லே சொல்ல வந்தேன். பதட்டத்துல 'வெளிய போ'ன்னு மட்டும் வந்துருச்சு. நீ வெடிச்சுச் செத்தா, நான் யாருகூடலே கஞ்சி குடிப்பேன்?"

"போ! கதவு சாத்திட்டேன்!" என்றாள் குழந்தை.

"சரி, கோவிக்காத. இன்னொருக்கா சொல்றேன்."

குழந்தை கைதட்டிச் சிரித்தபடி வாசலைப் பார்த்தது. சங்கையாவும் திரும்பினார்.

சாலமன்ராஜ் உள்ளே வந்து, பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏலே சங்கையா... இன்னொருக்கா சொல்லுலே."