பெயர் மாறிய கவர்

வேதக்கோயில் முற்றத்தில் முதல் மணி அடித்து ஓய்கிறது. நன்றிக்கான காரணத்தை மேலே எழுதிக் கொடுத்தால் போதகர் சபைமுன் வாசிக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் அடுக்கிய மேசையருகே, சத்தியபாயின் கையில் பேனாவைத் திணிக்கிறாள் ரோஸ்லெட். “கண்ணாடிய மறந்துட்டேன் மக்கா, நீயே எழுது. அவரு எந்திச்சு நடந்ததுக்குண்ணு போடு.” இருவரின் கணவர்களும் ஒரே மாதத்தில் பக்கவாதத்தில் விழுந்தவர்கள், சபை இருவருக்கும் சேர்த்தே ஜெபித்தது. ரோஸ்லெட்டின் குமாரதாஸ் இப்போது வேப்பமரத்தடியில் ஊன்றுகோல் இல்லாமல் நிற்கிறார். அவர் காலில் புதுச் செருப்பு. சத்தியபாயின் கண் அதைவிட்டு நகரவில்லை. அவளுடைய ஆபேல் இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறார். “நேத்து சந்தைக்கும் போனாரு, சொன்னா கேக்கமாட்டாரு” என்கிறாள் ரோஸ்லெட். “இனி கயித்துல கெட்டிப் போடு” என்கிறாள் சத்தியபாய், சிரிக்காமல். வெள்ளைக் கவரில் பட்ட வெயிலில் கண் கூசுகிறது. எழுதி முடித்துப் பார்க்கிறாள்: ‘ஆபேல் எழுந்து நடந்ததற்காக.’ “எழுதியாச்சா ஏட்டி?” “பேரு மாறிப்போச்சு, நில்லு.” வேறு கவர் எடுத்து, குமாரதாஸ் என்று ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதிக் கொடுக்கிறாள். ரோஸ்லெட் உள்ளே போகிறாள். முதல் கவரின் ஓரத்தை இரு விரல்கள் கிழிக்கப் பிடிக்கின்றன. கிழிக்கவில்லை. தன் காணிக்கையை அதற்குள் வைத்து, நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டி, கோயிலுக்குள் நுழைகிறாள் சத்தியபாய்.