முதலில் வரும் முகம்

சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் முனீஸ்வரனுக்கு ஆழ்மனசு திறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எல்லாம் செல்போனில் படித்த படிப்பு. தன்னைத்தானே ஹிப்னாட்டிசம் செய்துகொள்ளும் இருபத்தொரு நாள் வகுப்பு. கட்டைவிரல் நகத்தையே உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடி, இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே மனசுக்குள் படியிறங்க வேண்டும். கடைசிப் படியில் நின்று கேட்டால் பதில் வரும். "முதலில் வருவதுதான் உண்மை. அப்புறம் பேசுவது உங்கள் புத்தி. அதை நம்பாதீர்கள்" என்று வகுப்பெடுத்தவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

முனீஸ்வரன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். இன்றைக்குக் காய் திருடியது யார்?

பக்கத்துத் தோட்டத்தை விட இங்கே காய் வரத்து குறைவு. கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் பதினேழு பெண்களில் யாரோ தூக்குவாளியில் போட்டுக்கொண்டு போகிறாள் என்று முதலாளி ஜோமோனுக்குச் சந்தேகம். அதற்காக எல்லா வாளியையும் திறந்து பார்த்துவிட முடியுமா? "எங்களையெல்லாம் களவாணின்னு நெனச்ச எடத்துல எங்களுக்கு என்ன வேல?" என்று ஜீப்போடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். காய் எடுக்கிற நேரத்தில் ஆளில்லாவிட்டால் தோட்டமே போச்சு.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வாளி மட்டும்.

நாலு மணிக்குப் பெண்கள் காய் உலர்த்தும் ஸ்டோர் முன்னால் வரிசையாக நிற்பார்கள். முனீஸ்வரன் கண்ணை மூடிப் படியிறங்குவான். கண்ணைத் திறக்கும்போது பதினேழு முகமும் வெளுத்திருக்கும். எல்லாம் தன் மேலுள்ள மரியாதை என்று நினைத்துக்கொள்வான். ஒருத்தியை நோக்கி விரலை நீட்டுவான். அவள் வாளியைத் திறந்தால் மிச்சச் சோற்றுக்கு அடியில் பச்சைக் காய் இருக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு, அரைநாள் கூலியை வெட்டி, புத்தி சொல்லி அனுப்புவான்.

பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு பேர். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

"மை போட்டுப் பாக்குறீகளாண்ணே?" என்று கற்பகம் ஒரு நாள் கேட்டாள். அந்தக் கூட்டத்திலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். இதுவரை அகப்படாதவள்.

"மையுமில்ல, மந்திரமுமில்ல. எல்லாம் இங்கன இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான் முனீஸ்வரன்.

ஜோமோன் அதை நம்பவில்லை. பதிமூன்றாம் நாள் காலையிலேயே கட்டப்பனையிலிருந்து காரில் வந்து இறங்கிவிட்டார்.

"எடோ, ஆழ்மனசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவளுகள்ல ஒருத்தி உனக்கு ஒற்றுச் சொல்றா" என்றார். முனீஸ்வரனின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, அவனை ஆபீஸ் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். "நாலு மணிக்கு வெளிய வா. சரியாக் காட்டினா நாளையிலிருந்து நீதான் மேனேஜர். தப்பிப்போச்சுன்னா பதினேழு வாளியையும் நானே திறப்பேன். ஜீப்பு போனா போகட்டும். அதுல நீயும் ஏறிக்கோ."

முனீஸ்வரன் பத்து வருஷமாக வாயைத் திறந்து கேட்கக் கூசிய மேனேஜர் வேலை. இப்போது இருக்கிற வேலையும் சேர்ந்து ஊசலாடியது.

நாலு மணி. பெண்கள் வரிசையில் நின்றார்கள். விஷயம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

"நிதானமாப் பாருங்கண்ணே. அவசரமே இல்ல" என்றாள் கற்பகம். வழக்கமான நக்கல் அவள் குரலில் இல்லை.

முனீஸ்வரன் படியிறங்கினான். கடைசிப் படியில் ஒரு முகம் வந்து நின்றது.

சுருளியம்மாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளியம்மாவின் கம்மல் செடிக்கடியில் கிடந்ததை எடுத்து வந்து கொடுத்தவள். தோட்டத்துக் கோயிலில் சூடம் ஏற்றாமல் வேலையைத் தொடாதவள். அவளைக் கைகாட்டினால் யாராவது நம்புவார்களா? 'கற்பகத்தைக் காட்டுடா முட்டாளே, அவள் முழியே சரியில்லை' என்றது புத்தி.

ஆனாலும் முதலில் வந்த முகம் அதுதானே? கண்ணைத் திறந்து, விரலைச் சுருளியம்மாளை நோக்கி நீட்டினான்.

"யாத்தே, என்னையவா?" நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "இந்த வயசுல எனக்கு இது தேவையாய்யா?"

ஜோமோனுக்கே சங்கடமாகப் போய்விட்டது. "வேண்டாம்டா, வேற ஆளைப் பாரு."

"இல்ல மொதலாளி. இவுகதான்."

ஜோமோன் வாளியை வாங்கித் திறந்தார். மேலே ரெண்டு வாய் மோர்ச்சோறு. அதற்குக் கீழே வாழையிலைத் துண்டு. இலைக்கு அடியில் அரைக்கிலோ பச்சை ஏலக்காய்.

"சம்மதிச்சேன்டா, உன் ஆழ்மனசை நம்புறேன்!" முதலாளி முனீஸ்வரனைக் கட்டிப்பிடித்து, ஆபீஸ் சாவியை அவன் கையில் திணித்தார். "இனிமே கேமராவும் வேண்டாம், செக்கிங்கும் வேண்டாம். இந்தத் தோட்டத்துக்கு நீ ஒருத்தன் போதும்."

முனீஸ்வரனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சுருளியம்மாளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஜீப்பில் ஏற, மற்றவர்கள் தலையைக் குனிந்தபடி பின்னால் ஏறினார்கள்.

குமுளி தாண்டி இறக்கத்தின் முதல் வளைவில் ஜீப் திரும்பியது.

"அழுதது போதும் அத்தை. மூடியத் தொறங்க" என்றாள் கற்பகம்.

சுருளியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காலி வாளியை மடியில் வைத்துத் திறந்தாள்.

மற்ற பதினாறு பேரும் தங்கள் தங்கள் வாளியைத் திறந்து, வழக்கம்போல ஆளுக்கொரு கைப்பிடி பச்சை ஏலக்காயை அள்ளி அதில் போட்டார்கள்.