பாறையோடு வந்தது

இடுக்கியில் மாட்டிய நண்டு கால்களை உதறியது. ஜூலியன் முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாள் கண்ணாமூச்சி காட்டிய கொலைகாரன் ஒருவழியாக அகப்பட்டுவிட்டான்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு இன்னொரு கடல் என்று மனைவி மெரின் தலைதலையாக அடித்துக்கொண்டாள். மனுஷன் கேட்டால்தானே. உப்பளம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு ஹாலில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது. அதற்குள் வைக்கக் கடல் பாறைகளும் வந்தன.

பாறை வாங்கினால் பாறை மட்டும் வராது. பொந்துக்குள் புழு, நண்டு, பேர் தெரியாத எது எதுவோ ஒளிந்துகொண்டு கூடவே வரும். சாரம் பகுதியில் இருக்கும் நண்பன் செம்மல் அதை முதலிலேயே சொல்லியிருந்தான். அவன் பல வருஷமாகக் கடல் மீன் வளர்ப்பவன். எதைப் பார்த்தாலும் கை வைக்காதே, முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்பு என்று படித்துப் படித்துச் சொன்னான்.

தொட்டியில் மீன் விட்ட நாளிலிருந்து நிம்மதி போனது. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று குறையும். செத்து மிதந்தாலாவது மனசு ஆறும். ஒரு செதில் கிடையாது, கிழிந்த வால் கிடையாது. ராத்திரி பளபளவென்று நீந்திய மீன், விடிந்தால் இருந்த சுவடே இல்லாமல் போய்விடும். நாம் தூங்கும்போது இந்த வீட்டில் எதுவோ ஒன்று தூங்காமல் இருக்கிறது என்ற நினைப்பில் ஜூலியனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெரின் பயந்தே போனாள். குழந்தையைத் தொட்டிப் பக்கம் விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குழந்தை நத்தாலிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. பொந்திலிருந்து எட்டிப் பார்த்த நண்டை முதலில் கண்டதே அவள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதற்கு நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வாங்க மெரின் இன்று கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று ஜூலியன் பாறையைத் தூக்கினான். அடியில் நண்டு பதுங்கியிருந்தது. மறக்காமல் படம் எடுத்துச் செம்மலுக்கு அனுப்பினான். அப்புறம்தான் இடுக்கியை நீட்டி நண்டைப் பிடித்து வாளியில் போட்டான்.

நண்டு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மணலில் பாதி புதைந்து ஒரு சங்கு கிடந்தது. வழவழவென்று, பழுப்பும் வெள்ளையுமாக அத்தனை அழகு. குடிலில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் குளம் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். குளத்தங்கரைக்கு ஆகும் என்று சங்கை இடுக்கியாலேயே எடுத்து, துடைத்து, நத்தாலியிடம் கொடுத்தான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு குடில் இருந்த அறைக்கு ஓடினாள்.

நண்டு இருந்த வாளியை மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தான். இனி மெரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். அப்போது செம்மலிடமிருந்து போன் வந்தது.

“படம் பாத்தேன்டா. அது பாசி திங்கிற நண்டு. மீனத் தொடாது.”

“அப்ப மீனெல்லாம் எங்க போச்சு?”

“நண்டுன்னா பிச்சிப் பிச்சித்தான் திங்கும். துண்டு கெடக்கும். நீ ஒண்ணுமே கெடைக்கலன்ற. எதுவோ முழுசா முழுங்கியிருக்கு.” செம்மலின் குரல் இறங்கியது. “நண்டுக்குப் பக்கத்துல பழுப்பும் வெள்ளையுமா ஒண்ணு இருக்கே. அத நீ தொடலியே?”

“அது வெறும் சங்குடா.”

“வெறும் சங்கு இல்ல. கூம்பு நத்தை. உயிரோட உள்ள இருக்கு. குழா மாதிரி ஒண்ண மெதுவா வெளிய நீட்டும். நுனியில வெஷ முள்ளு. குத்துனா மருந்தே கெடையாது. இப்ப அது எங்கடா இருக்கு?”

ஜூலியன் போனைப் போட்டுவிட்டு ஓடினான்.

குடிலுக்கு முன்னால் நத்தாலி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சங்கை உள்ளங்கையில் ஏந்தி முகத்துக்குக் கிட்டே வைத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே சிரித்தாள்.

“அப்பா, நான் பழிப்புக் காட்டுனேன்ல, சங்கும் எனக்கு நாக்க நீட்டுது.”