மேலகரத்துக் குளத்தின் ஐந்தாம் வருஷம்

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பேராசிரியர் தாணுவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

குளம் நிறையத் தாமரை.

பின்னால் அவருடைய தாவரவியல் மாணவர்கள் பன்னிரண்டு பேர். மேலகரத்துக் குளத்தில் இனித் தண்ணீரையே பார்க்க முடியாது, ஆகாயத்தாமரை மூடியிருக்கும் என்று பாளையங்கோட்டையிலிருந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

ஐந்து வருஷத்துக்கு முன், 1957-இல் இதே கரையில் நின்று, ஐந்து வருஷத்தில் இந்தக் குளம் எப்படி இருக்கும் என்று எட்டுப் பேரிடம் கேட்டார். ஏழு பேர், மழை பெய்தால் பெருகும் என்றார்கள்.

தாமரை இலை அறுத்து விற்கும் வள்ளித்தாய் மட்டும், ஓரத்தில் மிதந்த நாலைந்து கத்தரிப்பூ நிற ஆகாயத்தாமரைப் பூக்களைக் காட்டி வருஷவாரியாகச் சொன்னாள். அடுத்த தைக்குள் மதகு வரை வரும். மூன்றாம் வருஷம் படித்துறையை மூடும். அப்புறம் தாமரை சாகும், இலைக்கோழி வேறு குளம் தேடிப் போகும், மீன் மூச்சுமுட்டி மிதக்கும்.

தாணு அதை அப்படியே கட்டுரையாக்கினார், நாலு வண்ண வரைபடத்தோடு. அவள் பெயரைப் போட மறந்துவிட்டார். கல்லூரியில் அவருக்குத் தனி அறை கிடைத்தது.

இப்போது ஒரு இலைக்கோழி, அவருடைய வரைபடத்தின் மேலேயே நடப்பதுபோல், இலைக்கு இலை கால் வைத்து நிதானமாகப் போனது.

வள்ளித்தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். தாணு பேண்டை மடித்துவிட்டு இறங்கி, மாணவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"என்னம்மா, நீ சொன்னதில ஒண்ணுகூட நடக்கலியே?"

"நடந்திருக்கும் சார். நீங்க அன்னைக்கு நோட்டுல எழுதவும் எனக்குப் பயம் வந்துட்டு. அன்னையிலேர்ந்து தெனமும் இலை அறுக்கதுக்கு முந்தி குளத்தை ஒரு சுத்து சுத்தி, கண்ட செடியைப் பிடுங்கிக் கரையில காயப் போட்டுருதேன்."

தனி ஒருத்தியாக. ஐந்து வருஷம்.

தாணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுரை போனால் போகட்டும், இந்தப் பொம்பளையை ஊரே பார்க்க வேண்டும் என்று கரையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

வள்ளித்தாய் பதறிப்போனாள்.

"ஊரைக் கூட்டிராதீய சார். நான் பொறந்த சிவகிரியில குளத்தை இந்தச் செடிதான் மூடிச்சு. தெரிஞ்சும், கல்யாணமாகி வந்த புதுசுல, எங்க ஊர்ப் பூவாச்சேன்னு ஒத்தச் செடியைக் கொண்டாந்து இங்கன விட்டவ நாந்தான்."