துணிக்கூடை அளவு

காலை வெயில் கொல்லைப்புறத்தில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் விழுகிறது. அந்த அகலத்துக்குள்ளேயே புல் வெட்டும் ரோபோ முனகிக்கொண்டு ஊர்கிறது. அது போன வழியில் புல் ஒரே மட்டமாகி, பச்சை வாசனை எழும்புகிறது. கொடியில் துணி காயப்போடும் அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துக்கு அப்பால், நாற்காலி போட்டுக் காலை நீட்டியிருக்கும் கொழுந்தனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "கையகல இடத்துக்கு மெஷினா அண்ணி? சந்துல மாட்டிக்கிச்சுன்னா நான் இழுக்க வரமாட்டேன்." வாயில் கவ்விய கிளிப்போடு அவள் சிரிக்கிறாள். தினமும் துணிக்கூடையை முன்னால் பிடித்தபடி, இரு பக்கமும் உரசாமல் அவள் நுழைந்துவரும் சந்து அது. அதே கூடையைக் கடைக்குத் தூக்கிப்போய், ரோபோவின் மேல் கவிழ்த்து, துளிகூட வெளியே தெரியவில்லை என்று பார்த்த பிறகுதான் வாங்கினாள். கடைக்காரர் சிரித்தார், சிரித்துவிட்டுப் போகட்டும். இப்போது முனகல் சந்துக்குள் நுழைந்து கம்மிப்போகிறது. கொழுந்தன் கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். அவள் போர்வையை உதறி, சுருக்கம் நீவி, நிதானமாகக் கிளிப் மாட்டுகிறாள். முனகல் மறுபடி தெளிவாகக் கேட்கிறது, சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "காலைத் தூக்கிக்கோங்க, தம்பி" என்கிறாள், திரும்பாமலே.