ஒரு கைப்பிடி மல்லாட்டை

பைக் ரிப்பேர் என்பதால், பள்ளிக்குப் போன அதே எட்டேகால் டவுன் பஸ்ஸில், பன்னிரண்டு வருடம் கழித்து அடி அண்ணாமலை ஸ்டாப்பில் ஏறினான் இளஞ்செழியன். கூட்டம் குறையவே இல்லை. கம்பியைப் பிடித்து நின்றதும், சீட்டில் இருந்த பெண் கூடையைக் காலடியில் தள்ளிவிட்டுக் கை நீட்டினாள். பழக்கதோஷத்தில் பையைக் கொடுத்தான். இறங்கும்போது வாங்கிக்கொண்டான். கண் செல்போனிலேயே இருந்தது.

ஆபீசில் பார்த்தால், பையின் பக்க அறையில் காகிதப் பொட்டலம். அவித்த வேர்க்கடலை, இன்னும் சூடாக. இரண்டாவது பீரியடில் பெஞ்சுக்கடியில் உரித்துத் தின்ற அதே வாசம். சிரித்தபடி அம்மாவுக்குப் போன் போட்டான்.

"ஏம்மா, நான் இன்னும் ஸ்கூல் பையனா? மல்லாட்டை வெச்சி அனுப்பிருக்க?"

"நான் எங்கடா வெச்சேன்?"

"அப்பல்லாம் தினமும் வெப்பியே?"

"நானா? அஞ்சு மணிக்கே களையெடுக்கப் போயிடுவேன். பாதி நாள் நீ வெறும் வயித்தோடதான் போவ. பையில தோல் கெடக்கும். எவனோ கூட்டாளி தரான்னு இருந்துட்டேன்."

மறுநாள் பைக் சரியாகிவிட்டது. அவன் பஸ்ஸில்தான் போனான். பின்னால் இடம் இருந்தும் அந்தப் பெண்ணின் அருகில் நின்று பையை நீட்டினான். முதல்முறையாக முகத்தைப் பார்த்தான். தலை பாதி நரைத்திருந்தது. காலடிக் கூடையில் ஈரத்துணிக்குள்ளிருந்து ஆவி வந்தது.

பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஆபீசுக்குப் போற ஆளாயிட்ட. இன்னும் இந்த சைடு ஜிப்பப் போட மாட்டேங்கிறியே, கண்ணு!"